இளஞ்சிவப்பு ஓரம் வைத்த தொப்பி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதமும் படங்களும் கிடைத்தன. பெர்லின் பழம்பொருள் சந்தையில் ஒரு ஜெர்மன் ராணுவ அதிகாரித் தொப்பி உங்கள் கண்ணில் பட்டிருக்கிறது. 1936-இல் தைத்தது, டாங்கிப் படை அதிகாரி ஒருவர் அணிந்தது, அவருடைய பேரனிடமிருந்தே வாங்கியது என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். நிஜமா, நிஜமென்றால் எந்த ஆண்டு என்று கேட்கிறீர்கள். இந்த வகைத் தொப்பிகளைப் பற்றி வேறு சிலரும் கேட்டிருப்பதால் எல்லோரும் படிக்கும்படி இங்கேயே பதில் எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பேரன் கதையை ஒதுக்கி வையுங்கள். கடைக்காரர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. தனக்கு விற்றவர் சொன்னதை அவர் நம்பியிருக்கலாம். ஆனால் காகிதம் இல்லாத கதைக்கு எடை கிடையாது. 1945-இல் அமெரிக்கச் சிப்பாய்கள் ஊருக்குக் கொண்டுபோன போர்ப் பொருள்களுக்கு அவர்களுடைய மேலதிகாரிகள் கையெழுத்திட்ட அனுமதிச் சீட்டுகள் கொடுக்கப்பட்டன. அப்படி ஒரு சீட்டோ, குடும்பத்தின் பழைய கடிதங்களோ, ராணுவச் சம்பளப் புத்தகமோ கூடவே வந்திருந்தால் பேச்சு வேறு. உங்கள் தொப்பியோடு எதுவும் வரவில்லை. ஆகவே தொப்பியிடம்தான் கேட்க வேண்டும்.

அதைக் கேட்பதற்கு ஒரு வழி இருக்கிறது. ஜெர்மன்காரர்கள் ஷிர்ம்மூட்சே என்று சொல்லும் இந்தத் தொப்பி பல கைகளிலிருந்து வந்த உறுப்புகளின் கூட்டு. கம்பளித் துணி ஒரு நெசவாலையிலிருந்து வரும். முன்னால் நீட்டியிருக்கும் கறுப்பு வைசர் வல்கன்ஃபைபர் என்ற, ரசாயனத்தில் பதப்படுத்தி அழுத்திய காகிதப் பலகையில் செய்தது. கழுகுச் சின்னம் லூடன்ஷைடு போன்ற ஊர்களின் உலோகப் பட்டறைகளில் அச்சடித்தது. உள்ளே வியர்வைப் பட்டை, லைனிங், அதன் நடுவே செல்லுலாய்டு தகடு, விளிம்புகளில் பைப்பிங் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வயது உண்டு. புதையல் பானையில் கிடக்கும் காசுகளில் மிகப் புதியது எதுவோ, அதற்கு முன் அந்தப் பானையைப் புதைத்திருக்க முடியாது. தொப்பிக்கும் அதே கணக்குத்தான். எந்த உறுப்பு கடைசியாக உலகத்துக்கு வந்ததோ, அதுதான் தேதியைத் தீர்மானிக்கும். கடைக்காரர்கள் எப்போதும் பழைய உறுப்பைக் காட்டித்தான் விலை சொல்வார்கள். நீங்கள் புதிய உறுப்பைத் தேடுங்கள்.

சின்னங்களில் தொடங்குவோம். அங்கே ஆண்டுகள் தெளிவாகக் கிடைக்கின்றன. 1897 மார்ச் 22, முதலாம் வில்ஹெல்ம் பேரரசரின் நூற்றாண்டுப் பிறந்தநாள். அன்றுதான் கறுப்பு, வெள்ளை, சிவப்பு வட்டங்கள் கொண்ட பேரரசு வில்லை ராணுவத் தொப்பிகளில் ஏறியது. அதற்கு முன் பிரஷ்யாவுக்குக் கறுப்பு வெள்ளை, பவேரியாவுக்கு வெள்ளை நீலம், சாக்சனிக்கு வெள்ளை பச்சை என்று அந்தந்த நாட்டு வில்லை மட்டும்தான். 1897 முதல் பேரரசு வீழ்ந்த 1918 வரை இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தன. வைமார் குடியரசு வந்ததும் கழுகு பொறித்த நீள்வட்ட வில்லை வந்தது. 1933 மார்ச்சில் பழைய மூவண்ணம் திரும்பியது. 1934 பிப்ரவரி 17 அன்று பாதுகாப்பு அமைச்சர் ப்ளோம்பெர்க், ஸ்வஸ்திகாவைப் பற்றியிருக்கும் கழுகை ராணுவச் சீருடையில் அணிய ஆணையிட்டார். நாஜிக் கட்சியின் சின்னம் ராணுவத்தின் தலைமேல் ஏறிய நாள் அது. ஹிட்லர் கேட்டு நடந்ததல்ல; அவரைத் திருப்திப்படுத்த ராணுவத் தலைமை தானாக முன்வந்து செய்தது. இந்தத் தேதியை நான் எப்போதும் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பின்னால் வருகிறேன்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. 1920களில் தைத்த தொப்பியில் 1934-க்குப் பிறகு கழுகைக் குத்தியிருந்தால் அது போலியாகிவிடாது. ராணுவத்தில் எதையும் எளிதில் தூக்கிப் போடுவதில்லை; சின்னத்தை மாற்றி அதே தொப்பியை அணிந்தார்கள். அப்படிப்பட்ட தொப்பிக்கு இரண்டு தேதிகள் உண்டு, தைத்த தேதியும் கடைசியாக மாற்றிய தேதியும். இரண்டுமே உண்மை. சேகரிப்பாளர்கள் பலர் இதை ஒதுக்கிவிட்டு, எல்லா உறுப்பும் ஒரே ஆண்டில் வந்த தொப்பியைத்தான் தேடுகிறார்கள். என் பார்வையில் மாற்றப்பட்ட தொப்பிதான் அதிகம் சொல்கிறது.

உலோகம் இன்னொரு கடிகாரம். முதல் ஆண்டுகளின் கழுகுகள் நிக்கல் வெள்ளி போன்ற கனமான உலோகக் கலவைகளில் வந்தன. அடுத்து எடை குறைந்த அலுமினியம் பரவியது. போர் நீள நீள உலோகத் தட்டுப்பாட்டால் துத்தநாகம் நுழைந்தது. அதன் மேல்பூச்சு போனதும் சாம்பல் நிறமாகி, சில நேரம் வெண்பொடி பூத்துவிடும். உங்கள் இரண்டாவது படத்தில் கழுகின் இறக்கை மடிப்புகளில் அந்த வெண்பொடி போல ஏதோ தெரிகிறது. அது துத்தநாகமானால் 1936 என்ற பேச்சு கழுகைப் பொறுத்தவரை அங்கேயே முடிந்துவிட்டது. போரின்போது சின்னம் மட்டும் மாறியிருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க, கழுகின் பின்புறத்தில் உள்ள பொருத்தும் கால்கள் துணிக்குள் இறங்கும் துளைகளைப் பார்க்க வேண்டும். ஒரே ஜோடித் துளை, அதைச் சுற்றிக் கழுகின் வடிவத்திலேயே நிறம் மங்காத துணி இருந்தால், அது நெடுங்காலம் அங்கேயே இருந்திருக்கிறது. பக்கத்தில் பழைய துளைகளோ, கழுகின் உருவத்துக்குப் பொருந்தாத நிழலோ இருந்தால் வேறொன்று முதலில் இருந்திருக்கிறது.

இதே சோதனையைத் தாடைக் கயிற்றிலும் செய்யலாம். அதிகாரிகளுக்கு அலுமினிய இழை முறுக்கிய இரட்டைக் கயிறு. கீழ்நிலையினருக்குக் கறுப்புத் தோல் வார். கயிற்றை மெல்ல விரல்நுனியால் தூக்கி, அதன் கீழே உள்ள கரும்பச்சைப் பட்டையைப் பாருங்கள். எண்பது ஆண்டு வெளிச்சம் பட்ட இடமும் படாத இடமும் ஒரே பச்சையாக இருக்க முடியாது. கயிற்றின் கோடு பட்டையில் பதிந்திருக்க வேண்டும். நான் ஒரு தொப்பியைக் கையில் எடுத்ததும் முதலில் பார்ப்பது இதைத்தான். போலி செய்பவர்கள் தேநீர்ச் சாயம் ஏற்றுகிறார்கள், மணல்தாளால் தேய்க்கிறார்கள், வெயிலில் போடுகிறார்கள். அந்தப் பழமை எல்லா இடத்திலும் சமமாக விழுகிறது. மனிதர் அணிந்த தொப்பி அப்படிப் பழையதாகாது. நெற்றி படும் இடத்தில் வியர்வைப் பட்டை கறுத்திருக்கும், பின்பக்கம் அத்தனை கறுத்திருக்காது. கழற்றும்போது விரல் பிடிக்கும் வைசர் ஓரத்தில் அரக்குப் பூச்சு தேய்ந்திருக்கும். செல்லுலாய்டு தகட்டுக்குக் கீழே லைனிங் சுத்தமாகவும் அதைச் சுற்றி அழுக்காகவும் இருக்கும். அந்தத் தகடும் காலப்போக்கில் மஞ்சளித்து, சுருங்கி, விளிம்பில் வெடிக்கும். எண்பது ஆண்டுகளுக்குப் பிறகும் கண்ணாடி போல் தெளிவாக, மெத்தென்று வளைந்துகொடுத்தால் சந்தேகப்படுங்கள்.

இனி உங்கள் தொப்பியின் இளஞ்சிவப்புக்கு வருவோம். ஜெர்மன் தரைப்படையில் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு நிறம். காலாட்படைக்கு வெள்ளை, பீரங்கிப் படைக்குச் சிவப்பு, குதிரைப்படைக்குப் பொன்மஞ்சள், பொறியியல் படைக்குக் கறுப்பு, மருத்துவப் பிரிவுக்கு நீலம், மலைப்படைக்கு இளம்பச்சை, டாங்கிப் படைக்கு இளஞ்சிவப்பு. தொப்பியின் மேல்தட்டு விளிம்பிலும் பட்டையின் மேலும் கீழுமாக மூன்று வரிசையில் இந்த நிறப் பைப்பிங் ஓடும். முதல் மூன்று டாங்கி டிவிஷன்கள் 1935 அக்டோபரில் உருவாக்கப்பட்டவை என்பதால் 1936-க்கு இளஞ்சிவப்பு பொருந்தாத நிறமல்ல. பிரச்சினை சந்தையில் இருக்கிறது. போரில் மிகப் பெரிய எண்ணிக்கையில் இருந்தவர்கள் காலாட்படையினர். எஞ்சியிருக்கும் தொப்பிகளிலும் வெள்ளை ஓரம் போட்டவையே அதிகம். டாங்கிப் படைத் தொப்பிக்கோ அதைவிடப் பல மடங்கு விலை. எனவே வெள்ளைப் பைப்பிங்கைப் பிரித்துவிட்டு இளஞ்சிவப்பைத் தைக்கிறார்கள். தொப்பி அசல், லைனிங் அசல், கழுகு அசல், ஓரம் மட்டும் பொய். முழுப் போலியைவிட இதுதான் ஆபத்தானது, ஏனென்றால் நீங்கள் எங்கே தொட்டுப் பார்த்தாலும் உண்மைதான் தட்டுப்படும்.

இதைப் பிடிக்க உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று போதும். பிரித்துத் தைத்த இடத்தில் பழைய ஊசித் துளைகள் தையல் வரிசையை விட்டு விலகித் தெரியும். பைப்பிங்கின் மேற்புறம் வெளுத்து, மடிப்புக்குள் நிறம் ஆழமாக இருக்க வேண்டும். புதிதாகச் சாயமேற்றியதில் இரண்டும் ஒன்றாக இருக்கும். அந்துப்பூச்சி தின்ற இடங்களைக் கவனியுங்கள். பட்டையில் தொடங்கிய ஒரு துளை பைப்பிங் வந்ததும் நேர்கோட்டில் நின்றுபோய், அந்தப் பக்கம் மறுபடி தொடர்ந்தால், பூச்சி தின்ற பிறகு அந்தப் பைப்பிங் வந்திருக்கிறது என்று பொருள்.

நூலைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாலியெஸ்டர் 1941-இல் இங்கிலாந்தில் கண்டுபிடிக்கப்பட்டது. துணியிலும் நூலிலும் அது பரவியது போருக்குப் பிறகு. ஆகவே பாலியெஸ்டர் நூல் ஒரு இழை இருந்தாலும் அந்தத் தையல் போருக்குப் பிந்தையது. உதிர்ந்து கிடக்கும் ஒரு நுனியைத் தீயில் காட்டினால் கம்பளி முடி கருகும் வாசனையோடு பொடியாகும்; பாலியெஸ்டர் உருகி மணியாகத் திரளும். ஆனால் உருகுவதெல்லாம் பாலியெஸ்டர் ஆகிவிடாது. ஜெர்மானிய வேதியியலாளர் பால் ஷ்லாக் 1938-இல் பெர்லான் என்ற நைலான் வகை இழையைக் கண்டுபிடித்தார். போர்க்காலத்தில் பாராசூட்களுக்கு அதைப் பயன்படுத்தினார்கள். இழை எந்த வகை என்று உறுதியாகத் தெரியாமல் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

புற ஊதா விளக்கைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இருட்டில் அந்த விளக்கைக் காட்டும்போது நூலோ துணியோ நீலவெண்மையாக ஒளிர்ந்தால் போலி என்று பலர் அடித்துச் சொல்வார்கள். ஒளிர்வதற்குக் காரணம் துணியை வெளுப்பாகக் காட்டுவதற்குச் சேர்க்கும் வேதிப்பொருள். போருக்குப் பிறகு அது சலவைத்தூள்களில் பெருவழக்காயிற்று. ஆனால் அதன் வரலாறு முன்பே தொடங்குகிறது. பால் க்ரைஸ் என்ற ஜெர்மானியர் குதிரைக் கஷ்கொட்டை மரத்திலிருந்து எடுத்த ஒரு பொருள் துணியை வெளுப்பாக்குவதை 1929-இலேயே கண்டறிந்தார். 1940களின் தொடக்கத்தில் ஐ.ஜி. ஃபார்பன் நிறுவனம் இத்தகைய பொருளை விற்பனைக்கே கொண்டுவந்துவிட்டது. தவிர, அசல் தொப்பியின் லைனிங்கை 1970-இல் யாராவது சலவைத்தூள் போட்டுத் துடைத்திருந்தாலும் அது ஒளிரும். எனவே ஒளி எங்கே விழுகிறது என்பதைப் பாருங்கள். தையல் நூல் மட்டும் முழு நீளத்துக்கும் பளீரென்று ஒளிர்ந்து, சுற்றியுள்ள துணி இருண்டிருந்தால் அது நவீன நூல். லைனிங்கில் திட்டுத் திட்டாக ஒளிர்ந்தால் கழுவியிருக்கிறார்கள். எதுவுமே ஒளிராவிட்டால் அசல் என்று நிரூபணமாகிவிடாது. பழைய துணியை வைத்தும் போலி தைக்கலாம்.

உள்ளே அச்சிட்டிருக்கும் எழுத்துகள் பெரிய உதவி. பெர்லினில் ராபர்ட் லூப்ஸ்டைன் நிறுவனம் தன் முதலெழுத்துகளான ஆர், எல் இரண்டையும் ஜெர்மன் உச்சரிப்பில் சேர்த்து ஏரெல் என்ற பெயரில் தொப்பி விற்றது. நெற்றியை அழுத்தாத வியர்வைப் பட்டை என்பது அதன் விளம்பரம். பீட்டர் க்யூப்பரின் பெக்யூரோவும் புகழ்பெற்ற பெயர்தான். புகழ்பெற்றவை என்பதாலேயே இந்தப் பெயர்களை அதிகம் போலி செய்கிறார்கள். பெயரைவிட அதன் அருகே உள்ள சிறிய எழுத்துகளை நம்புங்கள். டி.ஆர்.ஜி.எம். என்றிருந்தால் அது ஜெர்மன் ரைஷ் காலத்துப் பதிவு. டி.பி.ஜி.எம். என்றிருந்தால் 1949-இல் பிறந்த கூட்டாட்சிக் குடியரசின் பதிவு. ஊர்ப் பெயருக்கு முன் நான்கு இலக்க அஞ்சல் எண் இருந்தால், மேற்கு ஜெர்மனியில் அம்முறை 1961-இல்தான் வந்தது. 1942-க்குப் பிறகு அரசு வழங்கிய பொருள்களில் தயாரிப்பாளரின் பெயருக்குப் பதில் ஒரு நீண்ட எண் இடம்பிடிக்கத் தொடங்கியது. அதிகாரிகள் தங்கள் தொப்பியைத் தாங்களே காசு கொடுத்து வாங்கியவர்கள் என்பதால் அவர்களுடைய தொப்பியில் கிடங்கு முத்திரையோ ஆண்டோ பெரும்பாலும் இருக்காது. கிடங்கு முத்திரையோடு அதிகாரித் தொப்பி வந்தால், கீழ்நிலையினரின் தொப்பியில் கயிறு கட்டியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

உங்கள் மூன்றாவது படத்தில், செல்லுலாய்டுக்குக் கீழே, வியன்னா என்ற ஊர்ப் பெயர் தெளிவாக இருக்கிறது. ஆஸ்திரியா 1938 மார்ச் வரை தனி நாடு, அதற்குத் தனி ராணுவம், தனிச் சீருடை. ஜெர்மன் டாங்கிப் படை அதிகாரி 1936-இல் வியன்னாவில் தொப்பி தைத்துக்கொண்டார் என்பதை நான் ஏற்க மாட்டேன். ஆனால் இது தொப்பிக்கு எதிரான சாட்சியம் அல்ல, கதைக்கு எதிரானது. ஆஸ்திரியா ஜெர்மனியோடு இணைக்கப்பட்ட பிறகு வியன்னாத் தொப்பிக் கடைகள் ஜெர்மன் ராணுவத்துக்குத் தைத்தன. 1938-க்குப் பிந்தைய தொப்பி, போரின் பிற்பகுதியில் மாற்றிய துத்தநாகக் கழுகு என்றால் இரண்டும் இயல்பாகப் பொருந்துகின்றன. மிச்சமிருப்பது பைப்பிங்தான்.

போருக்குப் பிந்தைய தொப்பிகளிலிருந்தும் உறுப்புகள் வருகின்றன என்பதை மறக்க வேண்டாம். மேற்கு ஜெர்மனியின் எல்லைக் காவல்படை 1951-இலும், அதன் ராணுவம் 1955-இலும், கிழக்கு ஜெர்மனியின் ராணுவம் 1956-இலும் தொடங்கின. தொப்பித் தொழிலில் கைகளும் அச்சுகளும் பெரும்பாலும் பழையவைதான். தீயணைப்பு, ரயில்வே, வனத்துறைத் தொப்பிகளும் அதே வடிவம். சின்னத்தை மாற்றினால் போதும். நாஜிக் கட்சிப் படையான எஸ்எஸ்ஸின், மண்டையோடு குத்திய தொப்பிகளைப் பற்றி நீளமாக எழுத எனக்கு விருப்பமில்லை. விலை மிக அதிகம், போலியும் மிக அதிகம், அந்தச் சந்தைக்குள் நீங்கள் போகவே வேண்டாம். ஒன்று மட்டும்: மண்டையோடு இருந்தாலே எஸ்எஸ் என்பதும் தவறு. ப்ரவுன்ஷ்வைக் ஊரின் 17-ஆம் காலாட்படை ரெஜிமென்ட் நெப்போலியன் காலத்து மரபாக அதை அணிந்தது.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று உங்கள் மனைவி கேட்டதாக எழுதியிருந்தீர்கள். நல்ல கேள்வி. நாஜி ராணுவத்தின் தொப்பிக்கு இத்தனை அக்கறையா? என் பதில் இதுதான். போருக்குப் பிறகு நெடுங்காலம், குற்றங்கள் எல்லாம் எஸ்எஸ் செய்தவை, ராணுவம் கறைபடாத கையோடு போரிட்டது என்று ஒரு கட்டுக்கதை ஜெர்மனியில் ஓடியது. 1995-இல் ஹாம்பர்க் சமூக ஆய்வு நிறுவனம் நடத்திய கண்காட்சி, கிழக்குப் போர்முனையில் ராணுவமே நடத்திய படுகொலைகளைப் பொதுமக்கள் முன் வைத்தபோது நாடே கொந்தளித்தது. 1934 பிப்ரவரியில் அந்தக் கழுகு ஏறிய தொப்பி இந்த வரலாற்றின் சிறிய, ஆனால் கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய சாட்சி. அதை இளஞ்சிவப்பாக்கி வீர டாங்கித் தளபதியின் தொப்பி என்று விற்பவர், எங்கோ இருந்த ஒரு காலாட்படை அதிகாரியின் தடயத்தை அழித்துவிட்டு அந்த இடத்தில் சினிமாவை வைக்கிறார். அது எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது.

ஆகவே லைனிங்கில் பெயர் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். செல்லுலாய்டுக்குக் கீழே அல்லது வியர்வைப் பட்டையின் மடிப்பில் பெயர்ச் சீட்டு செருகுவது வழக்கம். அந்தத் தலைமுறையினரில் பலர் பள்ளியில் ஸ்யூட்டர்லின் என்ற கோணல்மாணலான கையெழுத்தைக் கற்றவர்கள். 1941 வரை அது பாடத்தில் இருந்தது. படிக்க முடியாவிட்டால் வயதான ஜெர்மானியர் யாராவது படித்துச் சொல்வார். பெயர் கிடைத்தால் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்துக்கு எழுதலாம். ராணுவத்தினரைப் பற்றிய பழைய பெர்லின் அலுவலகத்தின் கோப்புகள் 2019 முதல் அவர்களிடம்தான் இருக்கின்றன. எந்தப் படைப்பிரிவு, எந்த ஊர், எந்த ஆண்டு என்று தெரிந்தால் பைப்பிங்கின் நிறம் சரியா என்பதும் தெரிந்துவிடும்.

சட்டத்தையும் கவனியுங்கள். ஜெர்மனியில் குற்றவியல் சட்டத்தின் 86அ பிரிவு நாஜிச் சின்னங்களைப் பொதுவில் காட்டுவதைத் தடுக்கிறது; ஆய்வுக்கும் கல்விக்கும் விலக்கு உண்டு. கடைக்காரர் ஸ்வஸ்திகாவின் மேல் ஒட்டியிருக்கும் தாள் அதற்காகத்தான். அதைச் சந்தையில் உரிக்கச் சொல்லாதீர்கள். படத்தை இணையத்திலும் போடாதீர்கள்.

வாங்கலாமா என்றால், காலாட்படை அதிகாரித் தொப்பிக்கு உரிய விலைக்குக் கொடுத்தால் வாங்குங்கள். இளஞ்சிவப்புக்கு ஒரு யூரோகூட அதிகம் தர வேண்டாம். அதற்கு முன் எனக்கு மூன்று படங்கள் வேண்டும். பட்டையின் கீழ்ப் பைப்பிங்கைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் நெருக்கமாக எடுத்தது ஒன்று. கயிற்றைத் தூக்கிப் பிடித்து அதன் கீழுள்ள பச்சையைக் காட்டுவது ஒன்று. வியர்வைப் பட்டையை வெளியே மடித்து, கழுகின் கால்களுக்கு நேர் பின்னால் உள்ள இடத்தைக் காட்டுவது ஒன்று. தையல் எதையும் பிரிக்காமல், ஈரத்துணியால் துடைக்காமல் எடுத்து அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்